விளக்கு எரியும் செருப்பு

என் மகள் செருப்பைப் பெரியம்மாள் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

எழும்பூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. அதன் வாசலில்தான் இது நடந்தது.

பெரியம்மாள் கல்வராயன் மலைக்காரி. நான் கீழே, கச்சிராயபாளையம் பக்கம். வார்டில் என் மகள் அபிநயாவும் அவள் மகள் ஷாலினியும் அடுத்தடுத்த கட்டில். இரண்டுக்கும் அஞ்சு வயசு, இரண்டுக்கும் நெஞ்சில் ஓட்டை. தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பார்களாம். அபிக்குத் திங்கட்கிழமை, ஷாலினிக்குச் செவ்வாய்க்கிழமை.

பெரியம்மாள் என்னைவிட மூத்தவள்தான். ஆனாலும் அக்கா என்று நான் கூப்பிட்டதில்லை. மலையிலிருந்து கரும்பு வெட்ட வருகிறவர்களை எங்கள் வீட்டில் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

சனிக்கிழமை காலையில் மாமியார் போன் செய்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. குழந்தை போட்ட செருப்பை ஏதாவது கோயில் வாசலில் விட்டுவிட்டு வா, யாராவது எடுத்துக்கொண்டு போனால் பிடித்த பீடையும் அவர்களோடு போய்விடும், விட்டதும் திரும்பிப் பார்க்காதே என்றார்.

சென்னையில் ரோட்டைத் தாண்டவே எனக்கு பயம். வாட்ச்மேன்தான் சந்துக்குள்ளேயே புத்தர் கோயில் இருக்கு என்று வழி சொன்னார். என் வீட்டுக்காரரைப் பிள்ளைகளிடம் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். நானும் வரேன் என்று பெரியம்மாளும் கூடவே வந்தாள்.

அபியின் செருப்பை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போனேன். ரோஸ் கலர். மிதித்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அவள் அழுது அடம் பிடித்து வாங்கியது.

வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் அதையும் வைத்தேன். பெரியம்மாளுக்குக் கழற்ற ஒன்றும் இல்லை. வெறுங்கால்தான்.

உள்ளே மணி இல்லை, அர்ச்சனைத் தட்டு இல்லை. வெளியே அத்தனை ஆரன் சத்தம், உள்ளே நம் மூச்சு நமக்குக் கேட்கிறது. விபூதி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றோம்.

சுவரில் தமிழில் எழுதியிருந்தது. இன்னா போட்டுக்கிது என்று பெரியம்மாள் கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

"எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும்."

"எல்லா உசுருமா?"

"எல்லா உசுரும்தான்."

வாய்தான் படித்தது. மனசு வாசலிலேயே இருந்தது. எடுத்திருப்பார்களா, இன்னும் இல்லையா. புத்தர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் செருப்பு வைத்தது வைத்தபடி இருந்தது. என்னுடையதை மட்டும் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தேன். சந்து முனைக்கு வந்த பிறகுதான் பெரியம்மாள் கூட வரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

குனிந்து அந்தச் செருப்பை எடுத்துத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

புத்தியைக் காட்டிவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே, எடுத்துக்கட்டும் என்று தோன்றியது. யாராவது எடுக்கத்தானே விட்டேன். ஷாலினிக்குச் செருப்பு கிடையாது, அவளுக்குத்தான் போடுவாள். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அபிக்கு நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வார்டுக்கு வந்து இட்லி கேட்டாள்.

அதே செவ்வாய்க்கிழமை ஷாலினிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டால்தான் செய்வோம் என்று டாக்டர் தள்ளிப் போட்டுவிட்டார்.

அந்தத் துணிப்பை பெரியம்மாள் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. யார் கால் பட்டாலும் உள்ளே சிவப்பாக மினுக்கும். சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போவேன். சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவாளே, அபிக்குத் திரும்ப வந்துவிடுமே என்று பேசாமல் வந்து உட்கார்ந்துகொள்வேன். மூன்று நாள் இப்படியே போனது.

வெள்ளிக்கிழமை ஷாலினியை ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை ஜில்லென்ற தரையில் வெறுங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. அவளுக்கு இன்னும் அந்தச் செருப்பைப் போடவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்கேன் முடிந்து வந்ததும் போடப் போகிறாளோ என்னவோ.

அவர்கள் திரும்பி வந்ததும் எழுந்து போனேன்.

"அக்கா" என்றேன். அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அந்தச் செருப்ப ஷாலினிக்குப் போட்டுடாதீங்க. அது..."

அழுகைதான் வந்தது.

"தெரியும் அபி அம்மா. உன் மாமியா போன்ல சொன்னது வார்டுக்கே கேட்டுச்சே" என்று பெரியம்மாள் சிரித்தாள்.

"தெரிஞ்சுமா எடுத்தீங்க?"

பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சிவப்பாக ஒரு தடவை மினுக்கி அணைந்தது.

"யாராச்சும் எடுத்தாதான உன் புள்ளைய வுட்டுப் போவும்? வெளக்கு எரியிற செருப்பு, வழியில போற எந்தப் புள்ள பார்த்தாலும் போட்டுக்கும். அதான் நானே எடுத்துக்கினேன், வந்தா எனக்கு வரட்டும்னு" என்றாள்.

பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லா உசுரும்னு நீதான படிச்சி சொன்ன."