இலேஷா போகும் வழியில் மூன்று கடைகள்

"இன்னொரு உருண்டை அமலாக் களி கொண்டா தாயி!" என்று கயோடேயின் அப்பா, பாபா கயோடே, கடைக்காரிக்குக் குரல் கொடுத்ததும், எதிரே உட்கார்ந்திருந்த மனைவி அபேகேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது வயிறா, துறைமுகக் கிடங்கா? ஷகாமுவில ஒஃபாடா சோறு, இங்க இபாடான்ல அமலாக் களி. அங்க பிள்ளை காலை உடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்கான்!"

"கால் ஒடிஞ்சவன் எங்க ஓடிடப் போறான்? கீரைக் குழம்பு பிரமாதம், தொட்டுப் பாரேன்."

விடியற்காலையில் இலேஷாவிலிருந்து அவர் தம்பி போன் செய்திருந்தார். எடுத்துப் பேசியவர் இவர்தான். மகன் கயோடே மோட்டார் சைக்கிளோடு லாரியில் மோதிவிட்டான், கால் முறிவுதான், பயமில்லை என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றினார்.

இருபத்தாறு வருடமாக அவள் சமையலைத் தவிர எதையும் தொடாத மனிதருக்கு, இன்றைக்குப் பார்த்து ஊருக்கு ஊர் நாக்கு நீண்டுவிட்டது. லாகோஸ் துணிச் சந்தையில் எப்பேர்ப்பட்ட கல்லுளிமங்கனையும் பேரம் பேசிப் படியவைக்கிறவள் அவள். இவரிடம் கால் மணி நேரம்கூடக் குறைக்க முடியவில்லை.

இக்கிரேயில் மறுபடியும் வண்டி நின்றது.

"இந்த ஊர் டோடோ சாப்பிடாமப் போனா நாலு பேர் சிரிப்பாங்க."

கனிந்த வாழைப்பழத்தை மிளகாயோடு பொரித்த உருண்டைகள் இலையில் வந்தன. அவர் ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். வாயில் போடவில்லை.

"திங்கத்தானே நிறுத்தினீங்க? முழுங்குங்க!"

"சூடு ஆறட்டும்."

"அது ஆறி அரை மணி ஆச்சு! நான் பஸ்ஸைப் பிடிச்சுப் போறேன். அம்மா வந்துட்டாளான்னு பிள்ளை வாசலையே பாத்துக்கிட்டிருப்பான்."

அவள் பையைத் தூக்கினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பத்தே நிமிஷம், இயா கயோடே, என் பிள்ளையைப் பெத்தவளே. உன் கால்ல வேணா விழறேன்."

அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. அவள் பையைக் கீழே வைத்தபோது மேசையில் அவர் போன் அலறியது. அவருக்கு முன் அவள் எடுத்துக் காதில் வைத்தாள். வாய் திறப்பதற்குள் கொழுந்தனார் பேசிவிட்டார்:

"அண்ணே, கயோடேயை வெச்சுக் குழியை மூடியாச்சு. பெத்தவங்க பாக்கக் கூடாதுங்கற முறை தப்பல. இனி அண்ணியைக் கூட்டிட்டு வாங்க."