ஆந்தைக்கண் போட்ட ரெண்டு ஸ்டார்

"நாலு பேர் சேர்ந்து புகார் கொடுத்தா தூக்கிடுவாங்களாம் மாமா. இன்னைக்கே ஒரு வழி பண்ணிடலாம், விடுங்க!"

மச்சினன் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டான், என்னமோ ஆளையே அடிக்கப் போகிற மாதிரி. அடிக்கப் போவது ஒரு விமர்சனத்தை.

லிஃப்ட் மெக்கானிக் செல்போனையே வெறித்துக்கொண்டிருந்தார். நேற்று வரை அவர் புத்தகத்துக்கு மூன்றே விமர்சனங்கள். அக்கா, மச்சினன், மனைவி. மூன்றும் ஐந்து ஸ்டார். இன்று காலையில் நாலாவதாக இது வந்து உட்கார்ந்திருக்கிறது.

'ரெண்டு ஸ்டார். கதை பாதியில நிக்குது. ஏமாத்திட்டாங்க...'

போட்ட ஆளின் பெயர் 'ஆந்தைக்கண்'.

பகலெல்லாம் கிரீஸும் கையுமாக அலைகிற மனுஷன், மூன்று வருஷம் யோசித்து யோசித்து எழுதிய கதை அது. பொத்தானே இல்லாத ஒரு பாதாள மாடிக்கு லிஃப்டில் இறங்கிவிட்ட சிறுமியின் கதை. பதிப்பகங்கள் எல்லாம் 'பார்க்கலாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தன. பார்த்தார், தானே டைப் அடித்து, தானே அட்டை வரைந்து, ஆர்டர் வந்தால் அச்சடித்து அனுப்புகிற ஒரு வெப்சைட்டில் தானே ஏற்றிவிட்டார்.

"பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம். முன்னேபின்னே தெரியாத ஒரே ஒரு பிள்ளை இதை உட்கார்ந்து படிச்சாப் போதும்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த ஆசையில் மண்ணைப் போட வந்திருக்கிறதே இந்த ஆந்தை!

"யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்க சூப்பர்வைசர்தான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்காரே, அசல் ஆந்தை! 'லிஃப்ட்டை ஒழுங்கா பாரு, கதையை அப்புறம் விடலாம்'னு போன வாரம்கூட நாலு பேர் முன்னாடி கிண்டல் பண்ணினார்."

"கட்டையில போறவன்!" அக்கா பொரிந்து தள்ளினாள். "கடைசி அத்தியாயத்தைப் படிச்சுட்டு நான் எப்படி அழுதேன்னு எழுதிப் போட்டிருக்கேனே, அதைப் பார்க்கலையாமா அவன்?"

"நான் போடலியா? 'கிளைமாக்ஸ் சண்டையில புல்லரிச்சுப் போச்சு'ன்னு!" இது மச்சினன்.

மனைவி மட்டும் தயங்கினாள். "போனாப் போகுதுங்க. ஒருத்தருக்குப் பிடிக்கலை. அதுக்காக அவங்க வாயை அடைக்கணுமா?"

"பிடிக்கலைன்னு சொல்லட்டும்மா. ஏமாத்திட்டேன்னு சொல்லலாமா? இதைப் பார்த்தா எந்தப் பிள்ளை வாங்கும்? இது போகலைன்னா ரெண்டாம் பாகமே கிடையாது. நோட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுடுறேன்."

குரல் உடைந்துவிட்டது. அதற்கப்புறம் மனைவியும் தன் போனை எடுத்தாள்.

"முதல் புகார் நீங்க கொடுங்க மாமா. கைராசி."

அமுக்கினார். புகார் உடனே போகவில்லை. 'முழு விமர்சனத்தையும் படித்தீர்களா?' என்று கேட்டு, மிச்சத்தையும் விரித்துக் காட்டியது. காலையிலிருந்து இத்தனை ஆட்டம் ஆடியும், அந்த மூன்று புள்ளிக்கு அப்பால் இன்னும் எழுத்து இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மெக்கானிக் வாய்விட்டுப் படித்தார்.

'148ஆம் பக்கத்துல லிஃப்ட் கதவு திறக்குது. உள்ளே யாரோ நிக்கிறாங்க. அடுத்த பக்கத்தைத் திருப்பினா ஆசிரியர் போட்டோ வருது. கடைசி அத்தியாயத்தையே காணோம்.'

"புளுகு!" என்றான் மச்சினன்.

"அதெப்படிக் காணாமப் போகும்?" என்றாள் அக்கா.

மெக்கானிக் எழுந்து போய் அலமாரியில் நிறுத்தி வைத்திருந்த பிரதியை எடுத்தார். பாலிதீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கிழித்துப் பக்கத்தைத் தள்ளினார். 148. லிஃப்ட் கதவு திறந்தது. அடுத்த பக்கத்தில் அவர்தான், பல்லைக் காட்டிக்கொண்டு.

கடைசி அத்தியாயத்தை ஒன்பது தடவை மாற்றி எழுதியவர் அவர். 'முடிவு', 'முடிவு புதுசு', 'முடிவு இதுதான்' என்று கம்ப்யூட்டரில் ஒன்பது ஃபைல். எதை ஏற்றுவது என்ற குழப்பத்தில் ஒன்றைக்கூட ஏற்றாமல் விட்டிருக்கிறார்.

மெதுவாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள்.

"அது வந்து... நீ எழுதினா நல்லாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா தம்பி?"

"கிளைமாக்ஸ்னா எப்படியும் ஒரு சண்டை இருக்கும்னு நினைச்சேன் மாமா."

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றாள் மனைவி. "மூணு வருஷமா சாப்பாட்டுத் தட்டு முன்னாடி நீங்க சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம். புத்தகத்தை வேற திறக்கணுமா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட என்ன யோக்கியதை இருக்கிறது? எழுதினவரே பிரித்துப் பார்க்கவில்லை. பாவம், இதுகள் பாசத்தில் பொய் சொன்னதுகள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க." மனைவி போனை எட்டிப் பார்த்தாள். அவர் போனை அவளிடமே கொடுத்துவிட்டார்.

அவள் படித்தாள்.

'நான் அஞ்சாம் கிளாஸ். மூணு தடவை படிச்சுட்டேன். பாக்கி மூணு ஸ்டாரை எடுத்து வச்சிருக்கேன், கடைசி அத்தியாயம் வந்ததும் போட்டுடுவேன். அதுவரைக்கும் இதை மட்டும் சொல்லிடுங்க அங்கிள். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாளா?'