முப்பதாம் நோன்பு

புத்தளத்தில் ஒரு தாதியர் வகுப்பு. பயிற்சிக்காகக் கணினியில் இயங்கிய போலி நோயாளியின் இரத்த அழுத்தம், ரமழானின் தலைநோன்பிலிருந்து தினமும் பகலில் இறங்கி, நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கோடு ஏறியது. கணினியைப் பராமரிக்கும் அஸ்ஜத்தின் வேலை என்றே ஆசிரியை றைஸா நினைத்தார்.

“அல்லாவுக்காக மிஸ், நான் ஒண்டும் செய்யல்ல.”

அவர் நம்பவில்லை. இணையத்தைத் துண்டித்தார். அறையைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார். அப்படியும் இறங்கியது.

இருபத்தொன்பதாம் நோன்பன்று வானமெல்லாம் முகில். பிறை தென்பட்டிருந்தால் மறுநாள் பெருநாள்; தென்படாததால் ஊரே முப்பதாவது நோன்பையும் பிடித்தது.

அன்று பின்னேரம் நான்கு மணிக்கு றைஸா அறையைத் திறந்தார். திரையில் நூற்றிருபதுக்கு எண்பது. காலையிலிருந்து இறங்கவே இல்லை.

பின்னால் நின்ற அஸ்ஜத் மெல்லச் சொன்னான்: “மிஸ், பெருநாளில நோன்பு பிடிக்கேலாதே.”

றைஸா மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார். பாங்குக்கு இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.