நடுத்தூண்

பழவேற்காட்டில் கமர் நிஷாவின் பழைய மரவீட்டைப் பழுதுபார்க்க வந்த ஆசாரி குணாளன், நடுத்தூணைத் தட்டினான். கறையான் தின்ற தூண் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்தது. உத்திரம் மட்டும் அந்தரத்தில் நின்றது. அதில் கட்டிய தூளியில் கமர் நிஷாவின் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, கொயந்தயத் தூக்கினு வெளிய ஓடு!"

கமர் நிஷா குழந்தையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். உத்திரம் இறங்கவில்லை. குணாளன் புதுத்தூணை நிறுத்தி ஆப்பு அடித்தான். பாரம் இறக்கியவர் விடுவதுபோல், பக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு, வாசலில் நின்றவளுக்கும் கேட்டது.

"காத்துதான் யக்கா."

"காத்துக்கு இப்டி மூச்சு வாங்குமா? பாவம், எத்தன நாளா நின்னுக்கினு இருந்துச்சோ."

அவள் உள்ளே வந்து, தூணருகே பாய் விரித்துத் தலையணை வைத்தாள்.

அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது, தலையணை நடுவில் அமுங்கியிருந்தது. பாயில் ஓர் ஆள் நீளத்துக்கு வேர்வை ஈரம். சிணுங்கிய பேத்தியை வெளியே தூக்கிப்போய், சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.