ஜெல்மீராவுக்கு வழி தெரியாது

“வீட்டுக்குள்ளயே வழி தெரியாம சுத்துறவ அவ. காட்டுல எங்க விழுந்து கிடக்கேன்னு கேட்டா எப்படிச் சொல்லுவா?” என்றார் வெந்தெலீன்.

மலை மீட்புக் குழுவின் அறை அது. மேசைமேல் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. மறுமுனையில் அவருடைய மனைவி ஜெல்மீரா, கால் எலும்பு முறிந்து, மாலா ஃபாத்ரா மலைக்காட்டில் ஏதோ ஒரு மரத்தடியில்.

காலையில் இருவரும் காளான் பறிக்க வந்து, கார் நிறுத்துமிடத்தில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்திருந்தார்கள். பெண்டாட்டி இன்னும் திரும்பவில்லை, தனக்குப் பசிக்கிறது என்று புகார் சொல்ல வெந்தெலீன் இங்கே வந்து நின்ற நேரத்தில்தான் அந்த அம்மாவின் அழைப்பும் வந்தது.

குழுத் தலைவன் ரதோவன் முதல் தடவை இடத்தைக் கேட்டபோது, “நான் எங்க இருக்கேன்னா தம்பி...” என்று அந்த அம்மா தொடங்கத்தான் செய்தார். அதற்குள் வெந்தெலீன் குறுக்கே பாய்ந்து, “ஏய், எங்கடி போய்த் தொலைஞ்ச?” என்று கத்தினார்.

“என் வீட்டுக்காரர் அங்கயா இருக்கார்?”

“இங்கதாம்மா இருக்கார். கூடவே இருப்பார், பயப்படாதீங்க.”

“மரமா இருக்கு தம்பி. நிறைய மரம்,” என்றார்.

வெந்தெலீன் தொடையில் தட்டிச் சிரித்தார். “கேட்டுக்கிட்டீங்களா? காட்டுல மரம் இருக்காம்!”

காட்டைப் பற்றி வெந்தெலீனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்பது வெந்தெலீனின் கருத்து. தலைநகர் பிராட்டிஸ்லாவாவிலிருந்து செருப்பு மாட்டிக்கொண்டு மலையேற வருகிறவர்கள் முட்டாள்கள், வழிகாட்டிகள் சோம்பேறிகள், கரடிகள்கூட முன்பு மாதிரி இல்லை. காளான் பறிப்பவர்கள் எல்லாரையும் போல, தன் காளான் இடம் எது என்று பெற்ற மகனிடம்கூட அவர் சொன்னதில்லை. இத்தனை பெருமைக்கும் அன்று அவர் கூடையில் கிடந்தவை நாலு காளான்கள், அதிலும் ஒன்று புழு அரித்தது.

“இவளுக்கு எதுக்குப் பெரிய போன்னு என்னோட பழைய பட்டன் போனைக் குடுத்து வச்சிருக்கேன்,” என்று வேறு சொல்லிக்கொண்டார்.

அந்தக் கஞ்சத்தனத்தால்தான் அந்த அம்மா இருக்கும் இடம் ரதோவனின் திரையில் தெரியவில்லை. அதை எடுத்துச் சொல்ல அவனுக்கு நேரமில்லை. மூடுபனி இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் கிளம்ப முடியாது. அந்தச் சரிவுகளில் குட்டிகளோடு ஒரு கரடி வேறு திரிந்தது. இருட்டுவதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் கரடி வேண்டாம், குளிரே அவரை முடித்துவிடும்.

“வழக்கமா எங்க போவாங்க?” என்று கேட்டான்.

“எங்க போவா? பயந்தாங்கொள்ளி, பாதையை விட்டு ஒரு அடி இறங்க மாட்டா. கண்ணுல பட்டதைப் பொறுக்கிக் கூடையை ரொப்பிட்டு வந்துடுவா. அருவிப் பக்கம் பாருங்க.”

அருவிப் பக்கம் தேடப் போன மீட்பு ஆட்கள், அங்கே யாருமில்லை என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். “அப்போ ஓடைப் பக்கம்,” என்றார் வெந்தெலீன் கொஞ்சமும் கூசாமல். அங்கேயும் யாருமில்லை.

ரதோவன் மறுபடி போனிடம் குனிந்தான். “அம்மா, கால் எப்படி இருக்கு?”

“முழங்காலுக்குக் கீழ உடைஞ்சிருக்கு தம்பி. ரெண்டு குச்சி வச்சுக் கட்டிட்டேன், ரத்தம் வரல. காத்து வடக்கே இருந்து அடிக்க ஆரம்பிச்சிடுச்சு, சீக்கிரம் மழை வந்துடும்.”

“பக்கத்துல என்ன தெரியுது?”

“ஒரு கல்லு.”

“எப்படிப்பட்ட கல்லு?”

“சாதாரணக் கல்லுதான்.”

வெந்தெலீன் தலையில் அடித்துக்கொண்டார். “இவளைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு! ஏய், சூரியன் எந்தப் பக்கம் இறங்கும்னாவது தெரியுமா உனக்கு?”

“தெரியலைங்க,” என்றது போன், ரொம்பப் பணிவாக.

“தெரியாது! எனக்குத் தெரியுமே, உனக்குத் தெரியாதுன்னு!”

அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது ரதோவனுக்கு. ஆனால் அடிபட்டுத் தனியாகக் கிடப்பவர்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல் பெரிய தெம்பு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, “நீங்க இங்கேயே இருங்க சார், பேசிக்கிட்டே இருங்க,” என்றான். வெந்தெலீனுக்கு அதைச் சொல்லவா வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மா தவறவிட்ட பேருந்துகளையும் கருகவிட்ட ரொட்டிகளையும் வரிசையாக எடுத்துவிட ஆரம்பித்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. போனிலிருந்து ‘கீங்’ என்று ஒரு சத்தம் வந்தது.

“தம்பி, சார்ஜ் தீரப்போகுது.” இப்போது அந்தக் குரல் குளிரில் உதறியது.

ரதோவன் போனோடு ஒட்டிக் குனிந்தான். “அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். இது உயிர் சமாச்சாரம். நீங்க எங்க இருக்கீங்கன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?”

வெந்தெலீன்கூட வாயை மூடிக்கொண்டு காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“நல்லாத் தெரியும் தம்பி. மொதல்ல அந்த ஆளை வெளிய தள்ளிக் கதவைச் சாத்துங்க. என் காளான் இடத்தை அவர் காதுபட நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்!”