கருவாட்டு வாடைக்கு ஒரு மெஷின்

"வாப்பா, அந்த மெஷின நிப்பாட்டுங்க! ஆள் இருக்கிற எடத்துல ஓசோன் போடவே கூடாதாம்!"

வகுப்புக்குக் கிளம்பி நின்ற மகள் நதா கத்தினாள். ஹட்டன் கடைத்தெருவில் தேயிலை வியாபாரம் செய்யும் ஹுசைனுக்குத் தலை சுற்றியது.

"வித்தவன் நல்லது எண்டான். நீ கூடாது எண்டுற. வானத்துல இருக்கிற ஓசோன் நம்மளக் காக்குது எண்டு நீதானே படிச்சுக் காட்டின?"

"அது மேல இருந்து வெயிலத் தடுக்குது வாப்பா. இங்க மூச்சோட நெஞ்சுக்குள்ள போகுதே! இந்த மெஷின் கரண்ட அடிச்சு, காத்துல இருக்கிற ஒட்சிசன ஓசோனா மாத்துது. அது நாத்தத்தையும் அரிக்கும், நம்ம மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். கடையப் பூட்டிட்டுப் போடணும். நல்லாக் காத்தாட விட்டப் பொறகுதான் உள்ள வரணும்."

"ஒரே சாமான் மேல இருந்தா மருந்து, கீழ வந்தா நஞ்சா? என்ன கூத்து இது!"

நதா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹுசைனும்தான் என்ன செய்வார், பாவம்! பக்கத்துக் கடை சிப்னாஸ் மூட்டை மூட்டையாகக் கருவாடு இறக்கியிருந்தான். தேயிலையோ அண்டையில் எது நாறினாலும் உறிஞ்சிக்கொள்ளும் சரக்கு. நுவரெலியா ஹோட்டல் ஒன்றுக்குத் தூள் வாங்கும் யோகேஸ்வரன் போன தடவை மோந்ததுமே முகம் சுளித்தார். "நானா, கருவாட்டு வாடை அடிக்குது. இன்னொரு தடவை இப்படின்னா நாங்க வேற கடை பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். அந்த ஓர்டர் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மெஷின் வந்த பிறகு நாற்றம் மெல்ல மெல்லக் குறைந்து, இப்போது துளிகூட இல்லை. தொண்டைதான் கொஞ்சம் கரகரத்தது, கண்ணும் எரிந்தது. ஹட்டன் பனிக்கு யாருக்குத்தான் கரகரக்கவில்லை?

யோகேஸ்வரன் வந்தார். அவருக்குத் தேத்தண்ணி போட உள்ளே அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஹுசைன் தேயிலை டப்பாவை நீட்டினார்.

"இப்ப மோந்து பாருங்க!"

மோந்த வேகத்தில் டப்பா திரும்பி வந்தது.

"என்ன நானா, முன்ன விட இப்பதான் வாடை தூக்கலா இருக்கு?"

"என்னது? வருசக்கணக்கா இந்த மூக்க வச்சுத்தான் சோறு திங்கிறேன். வாடையே இல்ல! என்னக் கழட்டி விட நாடகம் ஆடுறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க நானா. எங்க மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு."

அவருடைய வேன் தூள் வாங்காமலே புறப்பட்டுவிட்டது. ஹுசைனுக்கு அழுகையே வந்தது. டப்பாவுக்குள் மூக்கை நுழைத்து இழுத்தார். கருவாட்டு வாடை இல்லவே இல்லை. பிறகு அந்த மனிதருக்கு மட்டும் எப்படி அடித்தது? ஒன்றும் விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மெஷினை இன்னும் கூட்டி வைத்துவிட்டு, டப்பாவும் கையுமாக உட்கார்ந்தார்.

வகுப்பு இல்லையென்று திரும்பி வந்த நதா, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! என்ன வாப்பா, இப்பிடி உக்காந்திருக்கீங்க? அடுப்புல பால் தீஞ்சு தெருமுனை வரைக்கும் நாறுது! உங்களுக்குத் தெரியலையா?"

ஹுசைன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். தீய்ந்த பாலின் நாற்றமும் தெரியவில்லை, கையிலிருந்த தேயிலையின் வாசமும் தெரியவில்லை.