மாற்றி ஊற்றிய புட்டி

டாக்டர் பெனசீர் கொடுத்தனுப்பிய திரவத்தில் ஸ்பிரிட் வாடை அடித்ததால், நர்ஸ் தெரசம்மாள் அதைக் கொட்டிவிட்டுப் புட்டி நிறைய, சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினை ஊற்றி, வளர்மதிக்குக் குழாய் விட்டு எடுத்த குடல் துணுக்கைப் போட்டிருந்தார்.

"எப்பவும் இதுலதானே மேடம் போடுவோம்?"

பெனசீருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிப்பைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் குடலில் இருந்தாலும், ஃபார்மலினில் ஊறிவிட்டால் பெரும்பாலும் சாயம் பிடிக்காது. மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

தலைமை மருத்துவர் ரிப்போர்ட்டை நீட்டினார். "இல்லைன்னு கையெழுத்துப் போடுங்க. அந்தப் பொம்பளைக்கு எல்லாம் மனசுலதான்."

வெளியே பெஞ்சில் வளர்மதி கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். நகம் போன வழியெல்லாம் தோல் தடித்து எழுந்தது. மூன்று வருடமாக இதைத்தான் மனசு என்கிறார்கள். அவள் கணவன் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெனசீர் 'இல்லை' என்ற சொல்லைக் காகிதம் கிழிய அடித்துவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னொரு தடவ குழாய விழுங்கணும்மா. தப்பு எங்க மேல. உங்க மனசுல ஒண்ணுமில்ல."

வளர்மதி சொறிவதை நிறுத்தினாள்.

"அத அவரு காதுல விழற மாதிரி சொல்லுங்க."